புத்தகத்தை மூடிய பிறகு

பாண்டிச்சேரியின் மாலை நேர பிரெஞ்சு வகுப்புகளில் நடுவயதைத் தாண்டியவர்களையும் பார்க்கலாம். எத்தா சிவில் என்ற பிரெஞ்சுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவில் இருக்கும் தாத்தாவின் பெயரைத் தானே படித்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் வருவார். பிரான்சில் வளரும் பேரப்பிள்ளையோடு போனில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஒரு பாட்டி வருவார். கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் வந்தால், பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு ரவிக்கை தைக்கக் கற்றுக்கொள்ளும் பெண்கள். விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்குத் தாமே ஒட்டுக்கட்ட நினைக்கும் விவசாயிகள். சேரும்போது எல்லோரிடமும் ஆர்வம் ததும்புகிறது. சில மாதங்களில் பலர் நின்றுவிடுகிறார்கள். காரணம் கேட்டால் ஒரே பதில்: "வயசாயிடுச்சுங்க, இனிமே மண்டையில ஏறாது."

இந்தப் பதிலை நான் ஏற்பதில்லை. வயது ஏற ஏற மூளையின் வேகம் குறைவது உண்மைதான். 20 வயதில் ஒரு புதுப் பெயரைப் பிடித்துக்கொண்ட வேகம் 55 வயதில் வராது. ஆனால் சொல்வளமும், ஒன்றை இன்னொன்றோடு பொருத்திப் பார்க்கும் அறிவும் அறுபது வரை பெரிதாகக் குறைவதில்லை. பலருக்குக் கூடவே செய்கின்றன. நின்றுபோகிறவர்களின் காலைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் பள்ளியில் பழகிய படிப்பு முறை. மார்ச்சில் தேர்வு, ஏப்ரலில் மறந்தால் யாரும் கேட்கப்போவதில்லை என்ற ஏற்பாட்டுக்கு அந்த முறை போதும். கற்றது ஐந்து வருடம் கழித்தும் கையில் நிற்க வேண்டும் என்றால் போதாது.

வாழ்நாள் முழுக்கக் கற்பவரின் குணங்களாக ஆர்வம், விடாமுயற்சி, திறந்த மனம் என்று பட்டியல் போடுவார்கள். தவறில்லை. ஆனால் ஒருவரிடம் போய் "ஆர்வமாக இருங்கள்" என்று சொல்லி ஆர்வத்தை வரவழைக்க முடியாது. என் பார்வையில் இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு குணம் இருக்கிறது. தனக்கு எது தெரியவில்லை என்பதைத் தினமும் தானே தேடிக் கண்டுபிடிப்பது, அப்போது வரும் சங்கடத்தைப் பொறுத்துக்கொள்வது. இது பழகினால் யாருக்கும் வரும். அந்தப் பழக்கத்தின் கை வேலைகளைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தெரிந்த மாதிரி இருப்பது

ஒரு பக்கத்தை நான்காம் முறை படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு ஓடும். எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்த வழுவழுப்பைத்தான் நாம் அறிவு என்று எடுத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். ஒரு குழு மாணவர்கள் ஒரு பத்தியை நான்கு தவணை படித்தார்கள். இன்னொரு குழு ஒரு தவணை மட்டும் படித்தது. மீதி மூன்று தவணையில் பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் முன்னால் நின்றார்கள்: 83 சதவீதத்துக்கு எதிராக 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ். படித்தவர்களிடம் மிஞ்சியது 40, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இதில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. ஒரு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் அதிக நம்பிக்கையோடு சொன்னார்கள். நன்றாகப் படித்த உணர்வும் நன்றாகப் படித்திருப்பதும் வெவ்வேறு திசையில் போகின்றன. ஐந்து நிமிடச் சோதனையோடு நிறுத்திக்கொள்பவருக்கு இது கடைசி வரை தெரியவே தெரியாது.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் இனிக்காது. வகுப்பு முடிந்த அன்று இரவே ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். புத்தகம், நோட்டு இரண்டையும் மூடிவிடுங்கள். இன்று என்ன நடந்தது என்று நீலப் பேனாவில் பத்து நிமிடம் எழுதுங்கள். ஒன்றும் வரவில்லை என்றாலும் உடனே நோட்டைத் திறக்கக் கூடாது. அந்தத் தவிப்புதான் வேலை செய்கிறது. பத்து நிமிடம் ஆனதும் நோட்டைத் திறந்து, விட்டுப்போனதையும் தவறானதையும் சிவப்புப் பேனாவில் சேருங்கள். மறுநாள் சிவப்பை மட்டும் இதே மாதிரி மூடிவைத்து எழுதிப் பார்த்தால் போதும். முதல் இரண்டு வாரம் தாள் முழுக்கச் சிவப்பாக இருக்கும். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இங்கேதான், "நமக்கு வரவில்லை" என்று நினைத்து. சிவப்பு அதிகம் என்றால் முறை வேலை செய்கிறது என்று பொருள். வெளியே தெரியாமல் இருந்த ஓட்டைகள் இப்போது கண்ணுக்குத் தெரிகின்றன, அவ்வளவே.

இதற்கு நேர் எதிராக வண்ணப் பேனாவால் வரிகளுக்கு மஞ்சள் பூசுவது. பூசும்போது கை ஓடுகிறது, மனம் ஓடுவதில்லை. எதைப் பூசலாம் என்று தேர்ந்தெடுக்கும் அந்தக் கணத்தில் கொஞ்சம் பயன் இருக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கல்யாணப் பத்திரிகையில் சொற்கள்

மொழி கற்பவர், சட்டப் பிரிவுகள் மனப்பாடம் செய்பவர், செடிகளின் பெயர் கற்பவர் எல்லோருக்கும் அட்டை முறை உதவும். 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் பரப்பிய பெட்டி முறை இது. கணினிச் செயலிகளும் இருக்கின்றன. என் சிபாரிசு, முதல் மூன்று மாதம் கையால் எழுதிய அட்டை. நம் வீடுகளில் சேரும் கல்யாணப் பத்திரிகைகள் இதற்கு அருமையான தாள். எழுத்து இல்லாத பக்கத்தை 5 செ.மீ.க்கு 8 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் ஒரு பத்திரிகையில் சில அட்டைகள் தேறும். தடிமனாக இருப்பதால் எழுதியது பின்பக்கம் தெரியாது. அது முக்கியம். தெரிந்தால் சோதனையே கெட்டுப்போகும்.

ஒரு அட்டையில் ஒரே கேள்வி. "இரு" என்று பொருள்படும் பிரெஞ்சு வினை ஏத்ர். "ஏத்ர் வினையின் ஆறு வடிவங்கள்" என்று ஒரே அட்டையில் எழுதினால் ஐந்து சொல்லி ஒன்று தவறும்போது அந்த அட்டையைச் சரியா தப்பா என்று எந்தப் பக்கம் போடுவது? ஆறு அட்டையாக எழுதுங்கள். பெயர்ச்சொல்லை ஒருபோதும் தனியாக எழுதாதீர்கள். பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். காரணம் கேட்டுப் பயனில்லை, சேர்த்தேதான் பிடிக்க வேண்டும். அதிலும் "அந்த" என்று பொருள்படும் லெ (ஆண்பால்), லா (பெண்பால்) என்று முன்னால் போடுவதைவிட "ஒரு" என்று பொருள்படும் அன் (ஆண்பால்), யுன் (பெண்பால்) என்று போடுவது நல்லது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் லெ, லா இரண்டுமே சுருங்கி ஒரே ஒலியாகிவிடும். பள்ளிக்கூடம் ஆணா பெண்ணா என்று "லெகோல்" காட்டிக்கொடுக்காது, "யுன் எகோல்" காட்டிக்கொடுக்கும். அட்டையின் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து பிரெஞ்சைச் சொல்வதும், பிரெஞ்சைப் பார்த்துத் தமிழைச் சொல்வதும் இரண்டு தனி வேலைகள். முதலாவதுதான் கடினம், பேசுவதற்குத் தேவையானதும் அதுதான்.

பெட்டியில் ஐந்து அறை. புது அட்டை முதல் அறையில் இறங்கும், மறுநாள் கேட்கப்படும். சரியாகச் சொன்னால் அடுத்த அறை. இரண்டாம் அறையில் 3 நாள், மூன்றாவதில் 7, நான்காவதில் 15, ஐந்தாவதில் 30 நாள் காத்திருக்கும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் தொடக்க உற்சாகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 10 புது அட்டை என்றால், எல்லா அறையும் நிரம்பிய பிறகு, ஏறக்குறைய இரண்டு மாதத்தில், தினமும் 50 பழைய அட்டை கேட்க வேண்டிவரும். தவறியவை சேர்ந்தால் 60. ஒரு அட்டைக்கு 10 வினாடி என்றால் 10 நிமிட வேலை. இதே ஆள் உற்சாகத்தில் நாளுக்கு 40 என்று தொடங்கினால், நாலாவது வாரத்தில் தினமும் 160 அட்டை காத்திருக்கும், இரண்டு மாதத்தில் 200 தாண்டும். ஒரு நாள் தவறினால் குவியல். குவியலைப் பார்த்தாலே பெட்டியைத் திறக்கத் தோன்றாது. எனவே உடம்பு சரியில்லாத நாளிலும் எத்தனை முடியுமோ அதுதான் உங்கள் எண்ணிக்கை. வேலைக்குப் போகிறவருக்கு 8 முதல் 10 போதும். வருடத்துக்கு 3,000 சொல் என்பது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் அட்டையால் எல்லாம் ஆகாது. பிரெஞ்சில் 70 என்பது "அறுபது-பத்து", 80 என்பது "நாலு இருபது", 90 என்பது "நாலு இருபது-பத்து". அட்டையில் இதைச் சரியாகச் சொல்பவரும் போனில் எண் கேட்டால் திணறுவார். பிரான்சில் போன் எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். "ஸ்வாசாந்த்" என்று காதில் விழுந்ததும் கை 6 என்று எழுதிவிடும். பின்னாலேயே "தூஸ்" வரும்போதுதான் அது 72 என்று தெரியும். கண்ணால் படித்துப் பழகியவருக்கு இந்தக் காத்திருப்பு பழகியிருக்காது. எந்த வடிவத்தில் பயன்படுத்தப் போகிறீர்களோ அந்த வடிவத்தில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் யாரையாவது பத்து எண்களைச் சொல்லச் சொல்லி, கேட்டு எழுதுங்கள். சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்றால் உங்கள் குரலையே போனில் பதிவுசெய்து, இரண்டு நாள் கழித்துக் கேட்டு எழுதலாம்.

கலந்து பழகுதல்

பாடப் புத்தகங்கள் ஒரு விதியைச் சொல்லிவிட்டு அதே விதிக்கு இருபது பயிற்சி கொடுக்கும். இருபதும் சரியாக வரும். பிரெஞ்சில் நடந்து முடிந்ததைச் சொல்ல, பெரும்பாலான வினைகள் "வைத்திரு" என்று பொருள்படும் அவுவாரைத் துணைக்கு அழைக்கும். போ, வா, பிற, இற போன்ற பதினைந்து சொச்சம் வினைகள் ஏத்ரை அழைக்கும். ஏத்ர் பாடத்தின் பயிற்சியில் எல்லா விடையும் ஏத்ர்தான் என்று பக்கத்தின் தலைப்பே சொல்லிவிடுகிறது. எதைப் போடுவது என்று முடிவெடுக்கும் வேலை, அதாவது உண்மையில் கடினமான வேலை, அங்கே நடக்கவே இல்லை.

டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்குப் பாடத்தில் காட்டியது. நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவு காணும் கணக்குகளை ஒரு குழு வகைவாரியாகச் செய்தது, இன்னொரு குழு கலந்து செய்தது. பழகும்போது வகைவாரிக் குழு 89 சதவீதம் சரி, கலந்த குழு 60 தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வில் வகைவாரிக் குழு 20, கலந்த குழு 63. பழகும்போது மோசமாகத் தெரிந்தவர்கள் பிறகு மூன்று மடங்கு நன்றாகச் செய்தார்கள். ராபர்ட் பியார்க் என்ற உளவியலாளர் இப்படிப்பட்ட பயனுள்ள தடைகளை 1994-லேயே "விரும்பத்தக்க கடினங்கள்" என்ற பொருளில் பேசினார்.

ஆகவே பழைய பாடத்திலிருந்து ஐந்து, போன வாரத்திலிருந்து ஐந்து, இன்றைய பாடத்திலிருந்து ஐந்து கேள்வி எடுத்து, துண்டுச் சீட்டாக்கிக் குலுக்கிப்போட்டுச் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: முதல்முறை பார்க்கும் விதியை உடனே கலக்கக் கூடாது. நாலைந்து கணக்கு அதே வகையில் செய்து, விதி இன்னதென்று பிடிபட்ட பிறகுதான் கலப்பு. பிடிபடும் முன்பே கலந்தால் குழப்பம் மட்டும் மிஞ்சும்.

கைத்தொழிலில் தவறு எங்கே ஒளிந்திருக்கிறது

கையால் செய்யும் வேலையில் விடை உடனே தெரியும் என்று நினைப்போம். எப்போதும் அப்படியில்லை.

ரவிக்கை வெட்டக் கற்பவரை எடுத்துக்கொள்வோம். 36 அங்குல மார்புச் சுற்றுக்கு நாலில் ஒரு பங்கு 9 அங்குலம், தையலுக்கும் பிறகு பிரித்துவிடவும் சேர்த்து ஒன்றரை முதல் 2 அங்குலம் கூடுதல் என்று வாய்ப்பாடு மனப்பாடம் ஆகிவிடும். தைத்துப் போட்டுப் பார்த்தால் கையைத் தூக்கும்போது ரவிக்கையே மேலே ஏறுகிறது. புதிதாகக் கற்பவர் அக்குளில் இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்து ஆம்ஹோலை, அதாவது கை இணையும் வளைவை, இன்னும் கீழே இறக்கி வெட்டுவார். அடுத்த ரவிக்கையில் இன்னும் மோசமாகும், ஏனென்றால் ஆம்ஹோல் கீழே இறங்க இறங்கக் கை உடலின் பக்கவாட்டைப் பிடித்து இழுக்கும் தூரம் கூடுகிறது. செய்ய வேண்டியது, ஆம்ஹோலை அக்குளுக்கு நெருக்கமாக ஏற்றி, ரவிக்கைக் கையின் அகலத்தைக் கூட்டி, அதன் மேல் வளைவின் உயரத்தைக் குறைப்பது. முன்பக்கம் டாட் (வடிவத்துக்காகத் துணியை மடித்துத் தைக்கும் மடிப்பு) முனையில் கூம்பு மாதிரி துருத்தினால் டாட் மார்பின் உச்சி வரை போய்விட்டது என்று பொருள். கொஞ்சம் முன்னாலேயே நிறுத்த வேண்டும்.

இங்கே கற்பவரிடம் இருக்க வேண்டியது, "சரியா வரலை" என்பதோடு நிறுத்தாமல் சுருக்கம் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்கும் பொறுமை. அதற்கு ஒரு தவறு நோட்டு வேண்டும். ஒவ்வொரு உருப்படிக்கும் நான்கு விஷயம்: என்ன அளவு வைத்தேன், எங்கே கோளாறு, காரணம் என்று நினைப்பது என்ன, அடுத்ததில் எதை மாற்றுகிறேன். கடைசிக் கட்டத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் எழுதுங்கள். ஒரே நேரத்தில் ஆம்ஹோல், தோள், கை மூன்றையும் மாற்றினால், சரியாக வந்தாலும் எது சரிசெய்தது என்று தெரியாது. பழகும் காலத்தில் செய்தித்தாளில் வெட்டி, பிறகு பழைய சேலைத் துணியில் ஓட்டுத்தையல் போட்டுப் பார்த்து, கடைசியாக நல்ல துணி. நல்ல துணியில் தொடங்கினால் கெட்டுப்போகுமோ என்ற பயத்தில் மாற்றிப் பார்க்கவே கை வராது.

முந்திரி ஒட்டு இதைவிடக் கடினமான ஆசிரியர். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்து முந்திரியும் பலாவும் ஏராளமாகச் சாய்ந்தன. தோப்பை மறுபடி எழுப்ப ஒட்டுக்கன்று வேண்டும். விருத்தாசலத்தில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒட்டுக்கட்டுவதை அருகிலிருந்து பார்த்துக் கற்க முடியும். முறை இது. விதை ஊன்றி 45 முதல் 60 நாள் ஆன நாற்று வேர்ச்செடி. நன்கு காய்க்கும் தாய்மரத்தில் பென்சில் தடிமன் குச்சியைத் தேர்ந்து, ஒரு வாரம் பத்து நாள் முன்பே இலையைக் காம்பு விட்டு நறுக்கிவிட வேண்டும். அப்போதுதான் நுனி மொட்டு பருத்துத் தயாராகும். வேர்ச்செடியின் தலையை வெட்டி நடுவில் சுமார் 6 செ.மீ. பிளந்து, அதே நீளத்துக்கு ஆப்பு வடிவில் சீவிய குச்சியைச் செருகி, பாலித்தீன் பட்டையால் இறுக்கிச் சுற்றி, மேலே ஒரு பாலித்தீன் உறை மாட்டி நிழலில் வைப்பது.

கோளாறு எங்கே என்றால், துளிர் வந்ததா இல்லையா என்பது தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் கை இன்னும் நூறு ஒட்டு கட்டியிருக்கும், அதே தவறோடு. காய்ந்த ஒட்டைப் பிடுங்கி எறிகிறவர் பத்து வருடம் கட்டினாலும் அப்படியே இருப்பார். கற்கிறவர் பட்டையை அவிழ்த்துப் பார்ப்பார். சீவிய பரப்பு மேடு பள்ளமாக இருந்தால் பட்டைக்கு அடியிலுள்ள பச்சை அடுக்குகள் ஒன்றோடொன்று தொட்டிருக்காது. கத்தியை ஒரே இழுப்பில் இழுக்காமல் செதுக்கியிருக்கிறார். சீவிய இடம் கறுத்து ஈரமாக இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. குச்சி சுருங்கிக் காய்ந்திருந்தால் வெட்டியதற்கும் கட்டியதற்கும் இடையில் நேரம் அதிகம், அல்லது உறை தளர்ந்திருந்தது. குச்சி வேர்ச்செடியைவிட மெலிந்திருந்தால் நடுவில் வைத்தது தப்பு, ஒரு ஓரத்தைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பையிலும் தேதி, தாய்மரம், கட்டிய நேரம் காலையா மாலையா என்று அழியாத மையில் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். விடை தாமதமாக வரும் எந்தக் கலைக்கும் இது பொருந்தும். சமையல் ஊறுகாயிலிருந்து பங்குச்சந்தை வரை, செய்த அன்றே என்ன நினைத்துச் செய்தோம் என்று எழுதிவைக்காவிட்டால், விடை வரும்போது நம் நினைவு தனக்குச் சாதகமாகக் கதையை மாற்றிக்கொள்ளும்.

கண்ணைக் குறை சொல்லாமல் மூளையைக் குறை சொல்கிறோம்

நாற்பதுக்கு மேல் படிப்பு கைவிடப்படுவதில் யாரும் பேசாத காரணம் வெள்ளெழுத்து. கண்ணின் லென்ஸ் விறைத்து, அருகில் இருப்பதைக் குவிக்க முடியாமல் போவது. இது எல்லோருக்கும் வரும். அரை மணி நேரம் படித்ததும் தலைவலி, வரி தாவுதல், ஒரே வரியை இருமுறை படித்தல், தூக்கம். இவற்றை "கவனம் நிற்கவில்லை" என்று புரிந்துகொள்கிறோம். தூரப் பார்வை நன்றாக இருப்பதால் கண்ணில் சந்தேகமே வராது. புதிதாக எதையும் கற்கத் தொடங்குமுன் கிட்டப்பார்வைக்குத் தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள். நீங்கள் உண்மையில் புத்தகம் பிடிக்கும் தூரத்தை அளந்து சொல்லுங்கள். தையலுக்கும் கணினிக்கும் அந்தத் தூரம் வேறு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவு ஏறி இறங்கும்போது பார்வையும் தற்காலிகமாக மாறும். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு கண்ணாடி எழுதிக்கொள்வது நல்லது. விளக்கு எழுதும் கைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும்.

சின்னவரிடம் கேட்பது

நம் ஊரில் ஐம்பது வயதுக்காரர் இருபத்தைந்து வயது ஆசிரியரிடம் கையைத் தூக்கிக் கேள்வி கேட்பது எளிதில்லை. மரியாதை இரண்டு பக்கமும் தடுக்கிறது. ஆசிரியர் "ஐயா", "அம்மா" என்று கூப்பிட்டுத் தவறைச் சுட்டிக்காட்டத் தயங்குவார். பெரியவர் "புரிஞ்சுது தம்பி" என்று தலையாட்டிவிடுவார். இதை உடைக்கும் பொறுப்பு பெரியவருடையது. முதல் வாரமே, தனியாக, "தம்பி, வயசைப் பார்க்காதீங்க, தப்பை அங்கேயே சொல்லிடுங்க" என்று சொல்லிவைத்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வியின் வடிவமும் முக்கியம். "எனக்கு இந்தப் பாடம் புரியல" என்றால் அவர் முதலிலிருந்து அதையே திரும்பச் சொல்வார். "ஏறுதல் என்ற மோந்தே வினைக்கு நான் ஏத்ர் போட்டேன், பெட்டியை மேலே ஏற்றினேன் என்ற வாக்கியத்தில் மட்டும் புத்தகம் அவுவார் போட்டிருக்கு, செயப்படுபொருள் வந்தா மாறுமா?" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும். மாறும் என்பதுதான் விடை. தானே செய்து பார்த்ததைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் இடறியது என்று காட்டிக் கேட்பதே நல்ல கேள்வி. அந்த இடம் தெரிய வேண்டுமானால் முன்னே சொன்ன வெள்ளைத்தாள் வேலை நடந்திருக்க வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூல் தன் பாயிரத்தில் மாணவனுக்கு ஒரு கணக்கு சொல்கிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் கற்பவர்களோடு பயின்றால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரை. நூலை எழுதிய பவணந்தியார் ஆய்வுக்கூடம் வைத்து அளந்ததில்லை. ஆனால் எடுத்துரைப்பதற்கு அவர் பாதியைக் கொடுத்தது, பார்க்காமல் எழுதுவது பற்றிய இன்றைய ஆய்வுகளோடு பொருந்திப்போகிறது. அதை நடைமுறைப்படுத்த இரண்டு பேர் போதும். வாரம் ஒருமுறை, கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே கூடச் செய்யலாம். ஒருவர் பத்து நிமிடம் புத்தகமில்லாமல் சொல்ல வேண்டும், மற்றவர் கையில் புத்தகத்தோடு கேட்க வேண்டும். கேட்பவர் திருத்தக் கூடாது, "ஏன்?" என்று மட்டும் கேட்கலாம். பத்து நிமிடம் முடிந்த பிறகு திருத்தங்கள். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே அளவு தெரிந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் குறைவாகத் தெரிந்தவர் கேட்கும் "ஏன்" பல நேரம் கூர்மையாக இருக்கும்.

எங்கே கற்பது என்பதற்கு இன்று பஞ்சமில்லை. பாண்டிச்சேரியில் ரோமென் ரோலான் நூலகமும் அலியான்ஸ் பிரான்சேஸும், கடலூரில் மாவட்ட மைய நூலகமும் இருக்கின்றன. இணையத்தில் ஐஐடிகளின் என்பிடெல், மத்திய அரசின் ஸ்வயம் பாடங்களைச் செலவில்லாமல் படிக்கலாம். வீடியோ பார்த்துக் கற்பவர்களுக்கு ஒன்று மட்டும். முழுதும் ஓடவிட்டுப் பார்த்தால், துணி வெட்டத் தெரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு படிக்கு முன்பும் நிறுத்தி, அடுத்து என்ன செய்வார் என்று நீங்களே தாளில் வரையுங்கள். பிறகு ஓடவிட்டு ஒப்பிடுங்கள். இருபது நிமிட வீடியோ ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரம்தான் கற்றல்.

விட்டுப்போன பிறகு திரும்புவது

இந்தக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை எந்தப் பழக்கமும் அறுந்துபோக வாய்ப்பு உண்டு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மழைநீர் வீட்டுக்குள் வந்தவர்களுக்குப் பிரெஞ்சு அட்டையை நினைக்க நேரமில்லை. கல்யாணம், பிரசவம், மருத்துவமனை என்று வேறு காரணங்களும் வரும். நீண்ட காலம் கற்கிறவர்களும் நிறுத்தத்தான் செய்கிறார்கள். அவர்களுக்குத் திரும்பி வரத் தெரியும்.

மறதியை முதலில் அளந்த ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறந்தபின் திரும்பக் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு நேரம் மிச்சம். ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம், அதுவும் பொருளே இல்லாத அசைகளுக்கு. வாயில் வரவில்லை என்பதால் எல்லாம் போய்விட்டது என்று ஆகாது.

ஆகவே ஒரு மாதம் விட்டுவிட்டுத் திரும்பும்போது முதல் பாடத்திலிருந்து தொடங்காதீர்கள். அது சுகமாக இருக்கும், ஆனால் தெரிந்ததையே மறுபடி படிக்க வைத்து, சலிப்பில் மறுபடி நிறுத்த வைக்கும். பெட்டியிலுள்ள எல்லா அட்டைகளையும் வெளியே கொட்டுங்கள். ஒவ்வொன்றையும் ஒரே முறை கேட்டு, 5 வினாடிக்குள் வந்தவை ஒரு குவியல், வராதவை ஒரு குவியல். வந்தவற்றை மூன்றாம் அறையில், ஏழு நாளுக்கும் பரவும்படி பிரித்துப் போடுங்கள். வராதவற்றை ரப்பர் பேண்டு போட்டுத் தனியே வைத்து, அதிலிருந்து நாளுக்கு 15 மட்டும் முதல் அறைக்கு விடுங்கள். அந்தக் கட்டு தீரும் வரை புது அட்டை எழுதக் கூடாது. தையலோ ஒட்டோ என்றால், விட்ட இடத்துக்கு ஒரு படி முன்னால் உள்ள எளிய வேலை ஒன்றைச் செய்து, தவறு நோட்டின் கடைசி இரண்டு பக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "அடுத்ததில் மாற்ற வேண்டியது" என்று அங்கே எழுதியிருக்கும் அந்த ஒன்றை முதலில் செய்து பாருங்கள்.